சமையலறைக் கழிவு எப்போது உரமாகிறது?

காய்கறித் தோலை அப்படியே செடியடியில் புதைக்கலாம் என்கிறது ஒரு காணொளி. புதைத்தால் செடி மஞ்சளடிக்கும் என்கிறது அடுத்தது. இரவில் கழிவைப் போட்டால் காலையில் உரம் கிடைக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் மின் இயந்திரங்களும் சந்தைக்கு வந்துவிட்டன. மூன்றிலும் ஓரளவு உண்மை இருப்பதால்தான் குழப்பம் தீருவதில்லை.

கழிவுக்கும் உரத்துக்கும் நடுவே நுண்ணுயிர்கள் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. அந்த வேலை எந்த அளவுக்கு முடிந்திருக்கிறது என்பதைப் பொறுத்து, அதே பொருள் செடியின் வேரைக் கெடுக்கவும் செய்யும், வளர்க்கவும் செய்யும். எந்த முறையைப் பற்றிக் கேள்விப்பட்டாலும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

## கழிவுக்குள் எவ்வளவு சத்து?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-இல் வெளியிட்ட உணவுக் கழிவுக் குறியீட்டு அறிக்கை, 2022-இல் உலகில் வீணான உணவை 105 கோடி டன் என்று மதிப்பிட்டது. வீடுகளில் மட்டும் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ. தோல், கொட்டை, எலும்பு போன்ற உண்ணாத பகுதிகளும் இதில் அடங்கும்.

இந்தச் சராசரியை நான்கு பேர் உள்ள ஒரு வீட்டுக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டுக்கு 316 கிலோ, அதாவது வாரத்துக்கு 6 கிலோ. அதில் முக்கால் பங்கு தண்ணீர். மிஞ்சும் உலர் எடை ஏறக்குறைய 79 கிலோ. உலர் எடையில் தழைச்சத்து, அதாவது நைட்ரஜன், 2.5 சதவீதம் என்று கொண்டால் ஓராண்டுக் கழிவு முழுவதிலும் இருப்பது 2 கிலோ தழைச்சத்து. மட்கும்போது அம்மோனியாவாக ஆவியாகியும் நீரில் வடிந்தும் போவதில் 30 சதவீதம் குறைந்தால் 1.4 கிலோ மிஞ்சும். அதிலும் மட்கு உரம் தன் தழைச்சத்தில் 10 முதல் 15 சதவீதத்தைத்தான் முதல் ஆண்டில் செடிக்கு விடுவிக்கும். ஆக, முதல் ஆண்டில் செடிக்குக் கிடைப்பது 140 முதல் 210 கிராம்.

தக்காளிக்குச் சதுர மீட்டருக்கு 12 முதல் 15 கிராம் தழைச்சத்து தேவை. ஒரு வீட்டின் ஆண்டுக் கழிவு, சருகிலிருந்து வருவதைக் கணக்கில் சேர்க்காவிட்டால், 10 முதல் 15 சதுர மீட்டர் தக்காளிப் பாத்தியைத்தான் தாங்கும். எஞ்சிய தழைச்சத்து வீணாவதில்லை. மண்ணில் தங்கி அடுத்தடுத்த ஆண்டுகளில் சிறுகச் சிறுக வெளிவரும். ஆனால் கழிவைக் கொண்டே பெரிய தோட்டத்தை நடத்திவிடலாம் என்ற எதிர்பார்ப்புக்கு இந்தக் கணக்கு இடம் தராது.

## செடி கழிவைத் தின்பதில்லை

வேர்கள் தழைச்சத்தைப் பெரும்பாலும் நைட்ரேட்டாகவும் அம்மோனியமாகவும்தான் உறிஞ்சும். தோலிலும் சோற்றிலும் அது புரதமாகக் கட்டுண்டு கிடக்கிறது. பாக்டீரியாவும் பூஞ்சையும் அதை உடைத்து, தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு, மிச்சத்தை வெளியேவிட வேண்டும். இதற்குக் கனிமமாதல் என்று பெயர்.

அவற்றின் பங்கு எவ்வளவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நுண்ணுயிரின் உடலில் 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து. தின்னும் கார்பனில் மூன்றில் இரண்டு பங்கை மூச்சாக வெளியேற்றிவிடுவதால், 24 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்து உள்ள உணவு அதற்குச் சரியாக இருக்கும். கார்பன் இதைவிடக் கூடினால், பற்றாக்குறைத் தழைச்சத்தை மண்ணிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். குறைந்தால், மிகுதியை மண்ணில் விடும்.

பச்சைக் கழிவைச் செடியின் வேருக்கு அருகே புதைத்தால் நடப்பவை:

1. சர்க்கரையும் மாவுச்சத்தும் வேகமாகச் சிதையும். அந்த வேகத்தில் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். வேர் மூச்சுத் திணறும்.

2. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் அசிட்டிக், பியூட்ரிக் போன்ற அமிலங்கள் உருவாகும். புரதம் மிகுந்த கழிவானால் அம்மோனியாவும் சேரும். இவை முளைக்கும் விதையையும் வேர்நுனியையும் கருக்கும்.

3. சோறு, ரொட்டி போன்ற மாவுப் பொருள்கள் மிகுந்திருந்தால் தழைச்சத்து சில வாரங்களுக்கு நுண்ணுயிர்களின் உடலில் சிறைப்படும். செடியின் அடி இலைகள் மஞ்சளாவது இதனால்.

இந்த மூன்றுமே தற்காலிகமானவை. கழிவு சிதைந்து முடிந்தபின் அதே இடம் வளமாகிவிடும். புதைக்கச் சொல்பவர் ஆறு வாரம் கழித்துப் பார்க்கிறார். புதைக்காதே என்பவர் பத்து நாளில் பார்க்கிறார்.

## 10 கிலோ கழிவுக்கு எத்தனை கிலோ சருகு?

மட்கவைப்பது என்றால் மேலே சொன்ன சிதைவைச் செடிக்கு அப்பால், காற்றோட்டத்தோடு நடத்தி முடிப்பது. இதற்குக் கார்பன் தழைச்சத்து விகிதம் 25 முதல் 30-க்குள்ளும், ஈரம் 50 முதல் 60 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும். உணவுக் கழிவு இந்த இரண்டு அளவிலும் தேறாது. விகிதம் 15 முதல் 20. ஈரம் 75 சதவீதம் அல்லது அதற்கும் மேல். அதனால்தான் கழிவை மட்டும் தொட்டியில் போட்டு மூடினால் சேறாகி நாறுகிறது.

காய்ந்த இலைச் சருகு இரண்டு குறையையும் ஒரே நேரத்தில் சரிசெய்கிறது. கணக்கைப் பாருங்கள்:

1. 10 கிலோ கழிவில் உலர் எடை 2.5 கிலோ. அதில் கார்பன் 45 சதவீதம், அதாவது 1,125 கிராம். தழைச்சத்து 62 கிராம். விகிதம் 18.

2. 3 கிலோ சருகில் ஈரம் 10 சதவீதம் போக 2.7 கிலோ. அதில் கார்பன் சுமார் 1,270 கிராம், தழைச்சத்து சுமார் 24 கிராம். விகிதம் 52-53.

3. இரண்டையும் கலந்தால் கார்பன் 2,395 கிராம், தழைச்சத்து 86 கிராம். விகிதம் 28. மொத்த எடை 13 கிலோவில் தண்ணீர் 7.8 கிலோ, அதாவது 60 சதவீதம்.

சருகை 4 கிலோவாக்கினால் விகிதம் 30-ஐத் தொடும், ஈரம் 56 சதவீதமாகக் குறையும். ஆகவே 10 கிலோ கழிவுக்கு 3 முதல் 4 கிலோ சருகு. எடை பார்க்க வசதியில்லாவிட்டால் ஒரு வாளிக் கழிவுக்கு இரண்டு முதல் மூன்று வாளிச் சருகு என்று கொள்ளலாம்.

சருகுக்குப் பதில் மரத்தூள் போட்டால் இந்தப் பொருத்தம் குலைந்துவிடும். மரத்தூளில் தழைச்சத்து ஏறக்குறைய இல்லை. அதே 10 கிலோ கழிவுக்கு ஒன்றரைக் கிலோ மரத்தூளிலேயே விகிதம் 27-ஐத் தாண்டும். ஆனால் ஈரம் 66 சதவீதத்தில் நிற்கும். ஈரத்தைக் குறைக்க இன்னும் கொட்டினால் விகிதம் 38-க்குப் போய், மட்குவது மந்தமாகி, முடிவில் கிடைக்கும் உரம் பாத்தியின் தழைச்சத்தைத் திருடும். மரத்தூள் மட்டுமே கிடைக்கிறது என்றால் கழிவை ஒரு நாள் வடியவிட்டுப் பிறகு கலப்பது நல்லது. கிழித்த அட்டைப்பெட்டியும் மரத்தூளைப் போன்றதே. அதைச் சருகோடு கலந்து பயன்படுத்தலாம், தனியாக வேண்டாம்.

வைக்கோல் நல்ல பொருள், ஒரு நிபந்தனையோடு. அமினோபைரலிட், குளோபைரலிட் என்ற களைக்கொல்லிகள் தெளித்த வயலிலிருந்து வந்த வைக்கோலிலும் புல்லிலும் அந்த நஞ்சு மட்கிய பிறகும் அழியாமல் நிற்கும். தக்காளியும் அவரை இனங்களும் அதற்கு முதலில் பலியாகும். தளிர் இலை சுருண்டு கிண்ணம்போல் குவியும்.

## குவியல் சூடாவதும் தொட்டி சூடாகாததும்

கலவை சரியாக இருந்தால் இரண்டு மூன்று நாளில் குவியலின் நடுப்பகுதி 40 டிகிரியைத் தாண்டும். வெப்பம் விரும்பும் பாக்டீரியாக்கள் பொறுப்பேற்று 55 முதல் 65 டிகிரிவரை கொண்டுபோகும். இந்தச் சூட்டில்தான் நோய்க்கிருமிகளும் விதைகளும் சாகும். அமெரிக்க வேளாண் துறையின் இயற்கை வேளாண் விதி, மூடிய கலனில் 55 முதல் 77 டிகிரி 3 நாளும், நீள்குவியலில் அதே சூடு 15 நாளும் நிற்க வேண்டும் என்றும், அந்த 15 நாளில் 5 முறை கிளற வேண்டும் என்றும் சொல்கிறது. 70 டிகிரிக்கு மேல் போனால் மட்கச்செய்யும் உயிர்களே மடியத் தொடங்கும் என்பதால், 65-ஐத் தாண்டியதும் கிளறி ஆற்றுவது நடைமுறை. பிறகு சூடு தணிந்து, பூஞ்சைகளும் ஆக்டினோமைசீட்டுகள் என்ற பாக்டீரியாக்களும் கடினமான நார்ப்பொருளைச் சிதைக்கும். மழைக்குப் பின் வரும் மண்வாசம் மட்கில் வீசுவது ஆக்டினோமைசீட்டுகளால்தான்.

சூடு தங்குவதற்கு 1 கன மீட்டர் குவியல் வேண்டும். அதைவிடச் சிறியது, உண்டாகும் வெப்பத்தைப் பக்கவாட்டில் இழந்துவிடும். 1 கன மீட்டரை நிரப்ப ஏறக்குறைய 140 கிலோ கழிவும் 50 கிலோ சருகும் தேவை. வாரத்துக்கு 6 கிலோ கழிவு சேரும் வீட்டில் இதற்கு ஐந்தாறு மாதம் ஆகும், அதற்குள் அடியில் போட்டது மட்கியே போயிருக்கும். பல வீடுகளின் கழிவு ஒரே இடத்தில் சேரும்போதுதான் சூடான முறை சாத்தியம்.

வீட்டுத் தொட்டி என்பது குளிர்முறை. அது கெட்ட முறை அல்ல. ஆனால் ஒன்றிரண்டு மாதத்தில் முடியும் வேலை ஆறு மாதம் அல்லது அதற்கு மேல் இழுக்கும், விதைகளும் நோய்ப்பூஞ்சைகளும் பிழைத்திருக்கும். மட்கு போட்ட பாத்தியில் யாரும் விதைக்காத தக்காளியும் பூசணியும் முளைப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். வாடல் நோய் வந்த செடியை வீட்டுத் தொட்டியில் போடக்கூடாது என்பதற்கும் காரணம் இதே.

## வீட்டுத் தொட்டி: செய்முறை

1. 100 முதல் 200 லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டு தொட்டிகள் வேண்டும். ஒன்று நிரம்பி மட்கும்போது மற்றது நிரம்பிக்கொண்டிருக்கும். ஒரே தொட்டியில் தொடர்ந்து போட்டுக்கொண்டிருந்தால் எந்த நாளிலும் முதிர்ந்த உரம் கிடைக்காது. பலரும் இடறும் இடம் இது.

2. அடியில் வடிகால் துளைகள், பக்கங்களில் காற்றுத் துளைகள். எலி நுழையாதபடி 6 மில்லிமீட்டர் கண்ணுள்ள இரும்புவலையை அடியிலும் துளைகளிலும் வைக்க வேண்டும்.

3. முதல் அடுக்கு 10 முதல் 15 சென்டிமீட்டர் குச்சியும் முரட்டுச் சருகும். இது காற்றுக்கான இடம்.

4. கழிவை 3 முதல் 5 சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டிப் போடுங்கள். அரைத்துக் கூழாக்க வேண்டாம். கூழில் காற்று புகாது.

5. ஒவ்வொரு முறையும் கழிவின் இரண்டு மூன்று மடங்கு சருகைக் கலந்து, மேலே 5 சென்டிமீட்டர் சருகால் மூடுங்கள். மேல்மூடாக்கு இல்லாவிட்டால் பழ ஈ வரும்.

6. முதல் முறை இரண்டு கைப்பிடி பழைய மட்கோ தோட்ட மண்ணோ சேர்த்தால் போதும். விலைக்கு விற்கும் நுண்ணுயிர்க் கலவை கட்டாயமில்லை. கழிவிலும் சருகிலும் அவை ஏற்கெனவே இருக்கின்றன.

7. வாரம் ஒருமுறை கிளறுங்கள். ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம், உதிர்ந்தால் குறைவு.

8. நிரம்பியதும் புதிதாக எதுவும் போடாமல் நான்கைந்து மாதம் விடுங்கள். அந்தக் காலத்திலும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கிளறலும் ஈரச் சோதனையும் உண்டு.

அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லை என்று பொருள். நீரும் மிகுந்திருக்கும். எல்லாவற்றையும் வெளியே கொட்டி, சருகு கலந்து திரும்ப நிரப்புவதைத் தவிர குறுக்குவழி இல்லை. அம்மோனியா மூக்கில் ஏறினால் தழைச்சத்து கண்ணுக்கெதிரே காற்றில் போகிறது. சருகோ மரத்தூளோ உடனே சேர்க்க வேண்டும். நாற்றமும் இல்லை, மட்கவும் இல்லை என்றால் பெரும்பாலும் காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்துக் கிளறினால் ஒரு வாரத்தில் உயிர்பெறும். தடித்த பழுப்புப் புழுக்கள் நெளிவதைப் பார்த்து அருவருப்பவர்கள் உண்டு. அவை பெரும்பாலும் கருப்புப் படைவீரன் ஈயின் புழுக்கள், கழிவை வேகமாகத் தின்பவை. தீங்கில்லை, ஈரத்தைக் குறைத்தால் அவையும் குறையும்.

## ஓர் இரவில் உரம் தரும் இயந்திரம்

இந்த இயந்திரங்களில் பெரும்பாலானவை கழிவைச் சூடாக்கி, உலர்த்தி, அரைக்கின்றன. அளவு ஐந்தில் ஒன்றாகவும் பத்தில் ஒன்றாகவும் குறைவது மட்கியதால் அல்ல, தண்ணீர் போனதால். வெளியே வருவது உலர்ந்த உணவுத்தூள். கார்பன் தழைச்சத்து விகிதம் உள்ளே போனபோது இருந்ததேதான். ஈரமான மண்ணில் தூவினால் இரண்டு நாளில் வெண்பூஞ்சை பூக்கும், மேலே சொன்ன மூன்று தொல்லைகளும் அப்போது தொடங்கும். நுண்ணுயிர் சேர்த்து ஓரிரு நாள் சூட்டில் சுழற்றும் இயந்திரங்களில் சிதைவு சற்று முன்னேறியிருக்கும், முதிர்ந்திருக்காது.

இயந்திரம் பயனற்றது என்று இதற்குப் பொருளில்லை. நாற்றமில்லாமல் கழிவைச் சேமித்துவைக்க அது நல்ல வழி. தூளைச் சருகோடும் மண்ணோடும் கலந்து, ஈரமாக்கி, குறைந்தது நான்கு வாரம் விட்டபின் பயன்படுத்தலாம். பூத்தொட்டியில் நேரடியாக மட்டும் போடக்கூடாது.

## மண்புழு, புளிக்கவைத்தல், குழி

மண்புழு உரத்துக்கு ஐசினியா ஃபெடிடா, யூட்ரிலஸ் யூஜினியே போன்ற மேல்மட்டப் புழுக்கள் வேண்டும். தோட்டத்தைத் தோண்டினால் கிடைக்கும் ஆழப்புழு உதவாது. நல்ல நிலையில் புழு தன் எடையில் பாதியை ஒரு நாளில் தின்னும். நாளுக்கு 0.9 கிலோ கழிவுக்கு 2 கிலோ புழுவும் 1.2 சதுர மீட்டர் பரப்பும் தேவைப்படும். தொடக்கத்தில் அந்த அளவில் பாதியைப் போட்டுப் பழக்குவது நல்லது. படுகை ஈரம் 70 முதல் 80 சதவீதம். ஐசினியாவுக்கு 15 முதல் 25 டிகிரி இதமானது; 35-ஐ நெருங்கினால் தப்பி ஓடும் அல்லது சாகும். உப்பு, எண்ணெய், அதிக அளவில் எலுமிச்சை இனத் தோல் ஆகியவை ஆகாது. சூடேறும் கட்டமே இல்லாததால் விதையும் கிருமியும் இதில் அழிவது உறுதியில்லை.

போகாஷி என்ற புளிக்கவைக்கும் முறையில் காற்றை முற்றிலும் அடைத்துவிடுகிறார்கள். ஜப்பானின் ரியூக்யூ பல்கலைக்கழகப் பேராசிரியர் டெருவோ ஹிகா 1980-களில் முன்வைத்த நுண்ணுயிர்க் கலவையோடு இந்த முறை பரவியது. லாக்டிக் அமில பாக்டீரியா ஊட்டிய தவிட்டை ஒவ்வொரு அடுக்குக்கும் ஒரு கைப்பிடி தூவி, அழுத்தி மூடி, நிரம்பியபின் இரண்டு வாரம் விட வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அடிக்குழாயில் நீரை வடிக்க வேண்டும். சமைத்த உணவு, இறைச்சியையும் இது ஏற்கும். ஆனால் கிடைப்பது உரமல்ல, ஊறுகாய். அமிலத்தன்மை மிகுந்தது. மண்ணில் புதைத்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் நட வேண்டும். வடிநீரை நூறு மடங்கு தண்ணீரில் கலந்து மண்ணுக்கு மட்டும் ஊற்றலாம்.

குழிமுறை எல்லாவற்றிலும் எளியது. 30 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, 10 சென்டிமீட்டர் கழிவைச் சருகோடும் மண்ணோடும் கொத்திக் கலந்து, மேலே 20 சென்டிமீட்டர் மண்ணால் மூட வேண்டும். நடுவதற்கு ஆறு வாரம் முன்பே செய்துவிட வேண்டும். மண்ணை மேலோட்டமாகப் போட்டால் நாயும் எலியும் தோண்டிவிடும்.

உயிர்வாயு (பயோகேஸ்) கலத்திலிருந்து வரும் குழம்பு இவற்றிலிருந்து வேறுபட்டது. அதன் தழைச்சத்தில் பாதிக்கு மேல் அம்மோனியமாக இருப்பதால் வேகமாகச் செயல்படும். வெயிலில் திறந்து வைத்தால் அதே வேகத்தில் ஆவியாகும். மாலையில் ஊற்றி உடனே மண்ணால் மூடுவது முறை.

## முட்டை ஓடு, வாழைப்பழத் தோல், காபித் தூள்

முட்டை ஓட்டில் 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். அமில மண்ணில் மாவாக அரைத்துப் போட்டால் சுண்ணாம்பாக வேலை செய்யும். கையால் நொறுக்கிய துண்டுகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். தக்காளியின் அடி கறுத்து அழுகுவதற்கு இது மருந்து என்ற நம்பிக்கை பெரும்பாலும் தவறு. அந்தக் குறை மண்ணில் கால்சியம் இல்லாததால் வருவது அரிது. நீர் ஒழுங்கற்றுக் கிடைப்பதால் கால்சியம் காய்வரை போய்ச் சேராததே வழக்கமான காரணம்.

வாழைப்பழத் தோலில் சாம்பல்சத்து, அதாவது பொட்டாசியம், நன்றாகவே இருக்கிறது. ஊறவைத்தால் நீரில் கரைந்தும் வரும். தழைச்சத்து அதில் சொற்பம் என்பதால் அந்த நீரை முழு உரம் என்று சொல்ல முடியாது. தோலை மட்கில் போட்டால் அதே பொட்டாசியம் ஈத்தொல்லை இல்லாமல் வந்து சேரும்.

வடித்த காபித் தூளில் உலர் எடையில் 2 சதவீதம் தழைச்சத்து. அது அமிலம் என்பார்கள். வடித்தபின் நடுநிலையை ஒட்டியே இருக்கும். உண்மையான சிக்கல் வேறு: பச்சையாகத் தடிப்பாகப் பரப்பினால் இறுகி நீரைத் தடுக்கும், நாற்றின் வளர்ச்சியையும் முடக்கும். மட்குக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குவரை போடலாம். தேயிலைப் பைகளில் பல பிளாஸ்டிக் இழை சேர்ந்தவை. இலையை மட்டும் கொட்டிவிட்டுப் பையை நீக்குங்கள். பழத்தில் ஒட்டியிருக்கும் சிறு ஒட்டுத்தாளும் அப்படியே.

"மட்கும் பை" என்று அச்சிட்ட பைகளில் பலவும் தொழிற்கூடச் சூட்டுக்கானவை. ஐரோப்பிய தரக்கட்டளை ஈ.என். 13432, அந்தப் பை 12 வாரத்தில் நொறுங்கிச் சிதைய வேண்டும் என்கிறது, ஆனால் அந்தச் சோதனை நடப்பது தொழிற்கூடத்துக்குரிய உயர்வெப்ப நிலையில். வீட்டுத் தொட்டி அந்தச் சூட்டை எட்டாது.

## உப்பு

சமைத்த உணவில் உப்பு 1 சதவீதம் என்று வைத்தாலும் 10 கிலோ மிச்ச உணவில் 100 கிராம் உப்பு. மட்கும்போது எடை குறையும், உப்பு குறையாது. மழைபடும் குவியலில் ஓரளவு கழுவப்படும். மூடிய தொட்டியில் அப்படியே செறியும். பாத்தியில் இது தெரிவது இலையோரம் பழுத்துக் கருகுவதாக. பார்ப்பவர் நீர் போதவில்லை என்றே நினைப்பார்.

எல்லாப் பயிரும் ஒன்றுபோல் தாங்குவதில்லை. மண்ணிலுள்ள உப்பை அளக்கும் வழி, நீரால் நிறைவித்த மண்ணின் சாற்றில் மின்கடத்துத்திறனைப் பார்ப்பது. அது மீட்டருக்கு 1 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே பீன்ஸும் கேரட்டும் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு 1.2, குடைமிளகாய்க்கு 1.5. தக்காளியும் வெள்ளரியும் 2.5 வரை தாங்கும். பீட்ரூட் 4 வரை. சமைத்த கழிவு மொத்தத்தில் நாலில் ஒரு பங்கைத் தாண்டினால் அந்த மட்கைத் தொட்டிச் செடிகளுக்குப் போடாமல், மழை கழுவும் திறந்த பாத்தியில் பீட்ரூட், தக்காளிக்கு ஒதுக்குவது பாதுகாப்பு.

## முதிர்ந்ததா என்று பார்ப்பது

நிறத்தை நம்ப வேண்டாம். பாதி மட்கியதும் கறுப்பாகத்தான் இருக்கும்.

1. ஈரமான ஒரு கைப்பிடி மட்கைப் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் நிழலில் வையுங்கள். திறந்தால் மண்வாசம் வர வேண்டும். புளிப்போ அம்மோனியாவோ வந்தால் இன்னும் ஒரு மாதம்.

2. இரண்டு தட்டுகளில் தட்டுக்கு 20 முள்ளங்கி விதைகள். ஒன்றில் தோட்ட மண், மற்றதில் மண்ணும் மட்கும் சரிபாதி. மட்குத் தட்டில் முளைப்பு, மண்தட்டில் முளைத்ததில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் விதைப்புக்கு ஆகாது.

3. வைக்கோலோ புல்லோ சேர்த்திருந்தால், அதே கலவையில் பீன்ஸ் விதைகளை நட்டு மூன்றாவது இலைவரை பாருங்கள். இலை கிண்ணமாகச் சுருண்டால் களைக்கொல்லி இருக்கிறது.

## பாத்திக்கு எவ்வளவு?

10 சதுர மீட்டர் பாத்தியில் 1 சென்டிமீட்டர் தடிப்புக்குப் பரப்ப 100 லிட்டர் மட்கு வேண்டும். எடை ஏறக்குறைய 55 கிலோ, உலர் எடை 33 கிலோ. தழைச்சத்து 1.8 சதவீதம் என்றால் மொத்தம் 594 கிராம். முதல் ஆண்டில் கிடைப்பது 60 முதல் 90 கிராம். தக்காளிக்கு வேண்டியது 120 முதல் 150. பாதிதான் தேறும். மீதிக்கு என்ன செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள்: மட்கை இரட்டிப்பாக்கிவிடுகிறார்கள்.

அதில் ஒரு விலை இருக்கிறது. உலர் எடையில் மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், 0.4 சதவீதம் என்று கொண்டால் அதே 33 கிலோவில் 130 கிராம் பாஸ்பரஸ் வந்து சேரும். காய்கறி ஒரு பருவத்தில் 10 சதுர மீட்டரிலிருந்து எடுப்பது 20 முதல் 30 கிராம்தான். ஆண்டுதோறும் 2 சென்டிமீட்டர் போட்டால் சில ஆண்டுகளில் மணிச்சத்து குவிந்து, இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்கவிடாமல் தடுக்கும். மழையில் அடித்துப்போனால் குளத்தில் பாசி பெருக்கும்.

பயிருக்கு ஏற்ற பங்கீடு இப்படி இருக்கலாம்:

1. புதிய, வளமற்ற பாத்தி: முதல் ஆண்டில் மட்டும் 2 முதல் 3 சென்டிமீட்டர், மேல் 15 சென்டிமீட்டர் மண்ணில் கலந்து. அடுத்த ஆண்டிலிருந்து அரை முதல் 1 சென்டிமீட்டர்.

2. தக்காளி, கத்தரி, பூசணி: நடுவதற்கு இரண்டு வாரம் முன் 1 சென்டிமீட்டர். பூக்கும் தறுவாயில் தழைச்சத்துள்ள மேலுரம் தனியாக. நீர்த்த உயிர்வாயுக் குழம்பு இதற்கு ஏற்றது.

3. கீரை, கோசு: மட்கோடு விரைவாகக் கிடைக்கும் தழைச்சத்தும் சேர வேண்டும். இவற்றுக்கு மட்கு மட்டும் போதாது.

4. கேரட், முள்ளங்கி: நன்றாகச் சலித்த, முழுதாக முதிர்ந்த மட்கு அரை சென்டிமீட்டர். மட்காத துண்டு இருந்தால் கிழங்கு கவைத்துப் போகும்.

5. அவரை இனங்கள்: வேர்முடிச்சில் தழைச்சத்தைத் தாமே ஈட்டுவதால் முந்தைய பயிருக்குப் போட்ட மட்கின் எச்சமே போதும்.

6. தொட்டிச் செடிகள்: கலவையில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நாற்றுத் தட்டுக்குப் பத்தில் ஒரு பங்கு.

பச்சையாகத் தின்னும் கீரைக்கும் சாலட் இலைக்கும் குளிர்முறை மட்கை விதைப்புக்கு முன்பே மண்ணில் கலந்துவிட வேண்டும். வளர்ந்த இலையின்மேல் தூவவோ, தொட்டியடியில் வடியும் நீரைத் தெளிக்கவோ கூடாது. அந்த வடிநீரில் அமிலமும் கிருமியும் இருக்கக்கூடும். பத்து மடங்கு நீர் கலந்து மரங்களுக்கோ பூச்செடிகளுக்கோ ஊற்றிவிடலாம்.

மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மண்ணைச் சோதனைக்குக் கொடுத்து மணிச்சத்து அளவைப் பாருங்கள். மிகுதி என்று வந்தால் இரண்டு ஆண்டுக்கு மட்கை அந்தப் பாத்தியில் நிறுத்தி, அவரை இனங்களை ஊடே பயிரிட்டு, சேரும் மட்கை மரத்தடிக்குத் திருப்பிவிடலாம்.